குடியாத்தத்தில் ஒரே ஆபரேஷன் தியேட்டர்: மறுபடி கொரோனா மாதிரி வந்தால் எதற்குப் பணம் போடுவது?

கேள்வி: தியேட்டர் இன்சார்ஜ், குடியாத்தம்

வணக்கம். குடியாத்தத்தில் 30 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் தியேட்டர் இன்சார்ஜாக இருக்கிறேன். எங்களுக்கு ஒரே தியேட்டர்தான். 18 அடிக்கு 16 அடி, உயரம் 10. இரண்டு ஸ்ப்ளிட் ஏசி, சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். பெரும்பாலும் சிசேரியன். அப்புறம் ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், கர்ப்பப்பை. புதனும் சனியும் வேலூரிலிருந்து சர்ஜன் வந்து லேப்ராஸ்கோப்பில் பித்தப்பை எடுப்பார். மயக்க மருந்து டாக்டரும் வேலூரிலிருந்துதான். ஒரே நாளில் நாலைந்து ஆஸ்பத்திரி பார்க்கிறவர்.

அடுத்த மாதம் தியேட்டரைப் புதுப்பிக்கப் போகிறோம். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "கொரோனா மாதிரி மறுபடி ஒன்று வந்தால் நம்ம ஆட்களும் பேஷண்டும் பத்திரமாக இருக்க என்ன வேண்டுமோ எழுதிக் கொடும்மா, சுவரை உடைக்கும்போதே செய்துவிடலாம்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

கம்பெனி ரெப் ஒருவர் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் இருப்பவை: யூவி விளக்கு டவர், மருந்துப் புகை அடிக்கிற ஃபாகர், மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது பேஷண்ட் தலைமேல் கவிழ்க்கிற அக்ரிலிக் பெட்டி, வாசலில் ஆட்கள் மேல் மருந்து தெளிக்கிற வளைவு, உடம்பு முழுக்க மூடுகிற கவரால் 300 செட். டாக்டர் ஒதுக்கியிருக்கும் தொகை இதில் பாதிக்குக்கூடப் போதாது. எதை வைத்துக்கொள்வது, எதை அடிப்பது?

எங்களால் தியேட்டரை மூடி வைக்க முடியாது. 2020 ஏப்ரலில் சைனகுண்டா ரோட்டில் குறுக்கே சுவர் எழுப்பி அப்புறம் இடித்தார்களே, அந்த நேரத்திலும் பலமநேர் பக்கத்திலிருந்து பிரசவ வலியோடு சுற்றிக்கொண்டு வந்தார்கள். சிசேரியனைத் தள்ளிப்போட முடியுமா?

இன்னொன்று. முதல் அலையில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். அந்த வாரம் தியேட்டருக்கு வந்த ஒரு கேஸ்கூட பாசிட்டிவ் இல்லை. எங்கிருந்து ஒட்டியது என்று இன்றுவரை புரியவில்லை.

பதில்: ஸ்டாஃப் நர்ஸ், ஆம்பூர்

ஃபாகரை மட்டும் விடாதீர்கள். நாங்கள் ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் அடிப்போம். அந்த வாசனை வந்தாலே ஒரு நிம்மதி, சர்ஜனும் கேள்வி கேட்கமாட்டார்.

பதில்: ஓய்வு பெற்ற தியேட்டர் சிஸ்டர், சத்துவாச்சாரி

ஆம்பூர் தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். வாசனைதான் நிம்மதி என்றால் ஊதுவத்தி மலிவு.

குடியாத்தம் சிஸ்டருக்கு முதலில் ஒரு கேள்வி. நீங்கள் எல்லாரும் டீ குடிப்பது எங்கே? நானே ஊகித்துச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். தியேட்டரை ஒட்டி ஒரு சின்ன ரூம். ஜன்னல் இருக்காது, அல்லது இருந்து அதன்மேல் பீரோவைச் சாத்தி வைத்திருப்பீர்கள். உடை மாற்றுவது, சாப்பிடுவது, கேஸ் எழுதுவது எல்லாம் அதிலேதான். காலையில் இரண்டு சிசேரியன் முடிந்ததும் குழந்தை வீட்டார் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள். நாலைந்து பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவீர்கள். தியேட்டருக்குள் கழுத்துவரை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் இங்கே முகத்தோடு முகம் வைத்துச் சிரிக்கிறார்கள். பாசிட்டிவ் கேஸே இல்லாத வாரத்தில் பாதி ஸ்டாஃப் படுத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ரூமைத்தான். வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்தால் போதும், மீதிப் பேருக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் உங்கள் லிஸ்ட்டில் முதல் வரி: டீ ரூமுக்கு ஜன்னல், அதில் வெளியே தள்ளுகிற ஃபேன். உடை மாற்றும் இடம் தனியே. தொற்றுக் காலத்தில் ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் சாப்பிட வேண்டும். இதற்கு ரெப் கொட்டேஷன் கொடுக்கமாட்டார், கொத்தனார்தான் கொடுப்பார்.

இரண்டாவது, "டெஸ்ட் நெகட்டிவ்" என்கிற வார்த்தையை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஆர்டி-பிசிஆர் நல்ல டெஸ்ட்தான். ஆனாலும் அறிகுறி தொடங்குகிற அன்று எடுத்தால் 100 பேரில் 38 பேர் வரை தவறிப்போகிறார்கள், மூன்று நாள் கழித்து எடுத்தாலும் 20 பேர் என்று 2020இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அறிகுறி தொடங்குவதற்கு முன்பு என்றால் இன்னும் மோசம். ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வந்ததும் மாஸ்க் எல்லாம் தாடைக்கு இறங்கிவிடும், பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தலைமுறை இந்தப் பாடத்தை எச்ஐவி காலத்திலேயே படித்தோம். 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சியில் சோதித்துத்தான் இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் சில வருஷம் பல இடங்களில் நடந்ததைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கேஸ் ஷீட்டில் சிவப்பு ஸ்டிக்கர், அந்த பேஷண்டை வரிசையில் கடைசிக்குத் தள்ளுவது, அவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை. ஸ்டிக்கர் இல்லாதவருக்கு வெறுங்கையால் ஊசியைத் திருப்பி மூடுவார்கள். எல்லா ரத்தமும் ஆபத்தான ரத்தம்தான் என்று நடந்துகொள்ளத் தொடங்கிய பிறகுதான் உண்மையான பாதுகாப்பு வந்தது, பேஷண்டுக்கு மரியாதையும் வந்தது. மூச்சும் அப்படித்தான். ஊரில் தொற்று ஓடும் காலத்தில் தியேட்டருக்குள் வருகிற ஒவ்வொருவர் மூச்சிலும் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்ஜனும் சேர்த்தி.

இனி ரெப் லிஸ்ட். வாசல் வளைவை அடித்துவிடுங்கள். ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் எரிவதுதான் மிச்சம். அக்ரிலிக் பெட்டியையும் அடியுங்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதி இல்லாத அந்த மாதிரிப் பெட்டிகளுக்குக் கொடுத்திருந்த அவசர அனுமதியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதே வருஷம் ஆகஸ்டில் திரும்பப் பெற்றது. கையை ஓட்டைக்குள் விட்டுக்கொண்டு டியூப் போடுகிறவர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமே இருந்திருக்காது.

ஃபாகர் துடைக்காது. ரத்தமும் அழுக்கும் படிந்த டேபிள்மேல் புகை அடித்து என்ன பயன்? 1 சதவீத ஹைப்போ (ஹைப்போகுளோரைட் கரைசல்) போட்டுத் துடைத்து, பத்து நிமிஷம் ஈரமாக விட்டு, தண்ணீரில் துடைத்தெடுங்கள். அப்படியே விட்டால் ஸ்டீலைத் தின்றுவிடும். மானிட்டர், ஸ்டீல் சாமானுக்கு 70 சதவீத ஸ்பிரிட். யூவி டவர் கெட்டதில்லை, ஆனால் விளக்கின் நிழல் விழுகிற இடத்தில் கிருமி சாகாது, ஆள் இருக்கும்போது போடவும் முடியாது. காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

கவரால் 300 எதற்கு? வேலூர் மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும், கை தானாக முகத்துக்குப் போகும். அப்போதுதான் ஒட்டும். தண்ணீர் புகாத நல்ல முழுக்கை கவுன், கண்ணுக்கு ஷீல்டு, சரியான என்95, இதுதான் அடிப்படை. கவரால் கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும். வாங்கும்போது கோயம்புத்தூரில் துணி ஆராய்ச்சி செய்கிற சிட்ரா மாதிரி லேபில் ரத்தம் ஊடுருவாத துணி என்று பரிசோதித்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2020இல் விற்றதில் பாதி ரெயின்கோட்.

மிச்சமாகும் பணத்தை என்95இல் போடுங்கள். அதிலும் மாஸ்க்கைவிட, அது முகத்தில் உட்காருகிறதா என்பதில். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை வேண்டும், காதில் மாட்டுகிறது வேண்டாம். நம் பெண்களுக்குச் சின்ன முகம், அதற்கு ஏற்ற சைஸையும் வரவழையுங்கள். கொண்டைக்கு மேலே ஒரு பட்டை, கழுத்தில் ஒரு பட்டை. தலைமேல் ஒரு கூடு மாட்டிவிட்டு சாக்கரின் கரைசலை உள்ளே தெளிப்பார்கள். மாஸ்க் போட்டிருக்கும்போது இனிப்புத் தெரிந்தால் ஓரத்தில் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து, எந்த மாடல் பொருந்துகிறது என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். தாடி இருந்தால் எந்த மாடலும் ஒட்டாது. மதத்துக்காகவோ வேண்டுதலுக்காகவோ வைத்திருக்கும் தம்பிகளைத் திட்ட வேண்டாம், டியூப் போடும் நேரத்தில் அவர்களுக்கு வெளி வேலை கொடுங்கள். வால்வு வைத்த என்95 தியேட்டருக்குள் கூடவே கூடாது. போட்டிருப்பவர் விடும் மூச்சு வடிகட்டாமல் நேராகத் திறந்த வயிற்றின்மேல் போகும்.

சுவரை உடைக்கிறார்கள் என்றீர்களே, அப்படியே வெளியே போக இரண்டாவது கதவு ஒன்று கேளுங்கள். உள்ளே வரும் வழியிலேயே கழற்றினால் சுத்தமும் அசுத்தமும் முட்டிக்கொள்ளும். அந்தக் கதவுக்கு அப்பால் ஆளுயரக் கண்ணாடி, குப்பைக் கூடை, கை கழுவும் இடம். கழற்றும்போதுதான் அதிகம் ஒட்டுகிறது. வரிசை இது: கையுறை, கவுன், கை சுத்தம், கண் ஷீல்டு, கடைசியில் மாஸ்க், மறுபடி கை சுத்தம். மாஸ்க்கைக் கழற்றுவது தியேட்டருக்கு வெளியே வந்த பிறகுதான். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். களைத்துப் போனவர்களுக்கு வரிசை மறந்துவிடும்.

பதில்: ஏசி மெக்கானிக், காட்பாடி

சிஸ்டர், நான் மருத்துவம் படிக்கவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி ஏசி வேலைதான் அதிகம் செய்கிறேன். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ரூமில் இருக்கிற காற்றையே குளிர வைத்துத் திருப்பி விடும். ஒருவர் இருமினால் அதையே ரூம் முழுக்கச் சுற்றிக் கொடுக்கும்.

உங்கள் ரூம் 18 x 16 x 10, அதாவது 2,880 கன அடி. மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு 576 கன அடி வெளியேற வேண்டும், அதே அளவு உள்ளே வரவும் வேண்டும். 20 தடவை என்றால் 960. ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு திறந்த வெளிக்கு. ஃபில்டரும் டக்டும் மாட்டினால் குறையும், அதனால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

ஏன் இந்தக் கணக்கு என்றால், ஒரு கேஸ் முடிந்து காற்றில் மிதப்பதில் 99.9 சதவீதம் வெளியேற, மணிக்கு 12 தடவை மாறினால் 35 நிமிஷம் ஆகும். 6 தடவை என்றால் 69 நிமிஷம். 2 தடவை என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். இதுவும் காற்று நன்றாகக் கலந்தால்தான். மூடி வைத்த ஸ்ப்ளிட் ஏசி ரூம் அந்த 2க்கே வருமா என்று சந்தேகம்.

வெளிக்காற்று எடுக்கும்போது நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். இப்போதிருக்கிற இரண்டு ஏசி மே மாதம் தாங்காது. கரண்ட் லோடையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அக்கா சொன்ன ஊதுவத்தி நிஜமாகவே உதவும். கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று தெரிந்துவிடும். ஆபரேஷன் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். உங்கள் எக்ஸாஸ்ட் இப்போது எங்கே திறக்கிறது?

பதில்: மயக்க மருந்து மருத்துவர், வேலூர்

மெக்கானிக் அண்ணா சொன்னதில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. தியேட்டரில் வழக்கமாக உள்ளே அழுத்தம் கூடுதலாக வைப்போம், வராந்தா தூசு காயத்துக்கு வராமல் இருக்க. மூச்சில் பரவும் நோயாளி என்றால் நேர்மாறு, உள்காற்று வராந்தாவுக்குப் போகக் கூடாது. சும்மா ஒரு பெரிய எக்ஸாஸ்டைப் போட்டு உறிஞ்சினால் வராந்தா தூசெல்லாம் வயிற்றுக்குள் வரும். வழி இதுதான்: கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு அறை, தியேட்டருக்கும் அந்த அறைக்கும் ஃபில்டர் வழியாக வெளிக்காற்று, எக்ஸாஸ்டுக்கு வேகம் மாற்றும் சுவிட்ச். சாதாரண நாளில் உள்ளே வருவது கூடுதல், தொற்று கேஸ் அன்று வெளியே போவது கூடுதல். கதவு இடுக்கில் எந்தப் பக்கம் போனாலும் வடிகட்டிய காற்றாக இருக்கும்.

சிசேரியனில் பெரும்பாலும் ஸ்பைனல்தான் (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது), அது நமக்கு வசதி. பேஷண்ட் முகத்தில் மாஸ்க் போட்டு, ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் குழாயை மாஸ்க்குக்கு அடியில் விடலாம். டியூப் போட்டே ஆக வேண்டும் என்றால் கைதேர்ந்தவர் ஒருவர், உதவிக்கு ஒருவர், மற்றவர்கள் வெளியே. டியூபுக்கும் மயக்க மருந்து மெஷினின் சர்க்யூட் குழாய்க்கும் நடுவே வைரஸ் ஃபில்டர். தொண்டையைத் திரையில் காட்டுகிற வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்க முடிந்தால் அந்த அக்ரிலிக் பெட்டியின் காசு அதற்குப் போகட்டும், முகம் தள்ளி நிற்கலாம்.

ஆனால் டியூப் போடும் அந்த நிமிஷத்தையே பூதமாக்க வேண்டாம். 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தியேட்டருக்குள் துகள் எண்ணும் கருவியை வைத்து அளந்தார்கள். ஒருவர் தானாக இருமும்போது வருவதில் சின்னப் பங்குகூட டியூப் போடும்போது வரவில்லை. டியூபை எடுக்கும்போது அதைவிடக் கூடுதல், அதுவும் ஒரு இருமலுக்கு வெகு கீழே. விழித்திருந்து இருமுகிற பேஷண்ட், அவரைத் தள்ளி வரும் வார்டு பாய், கையைப் பிடித்துப் பேசும் நர்ஸ், இவர்களுக்குத்தான் நல்ல மாஸ்க் முதலில். பல இடங்களில் எனக்கு என்95 கொடுத்துவிட்டு வார்டு பாய்க்குத் துணி மாஸ்க் கொடுத்தார்கள்.

பேஷண்ட் பக்கமும் ஒரு வார்த்தை. கொரோனா வந்து உடனே ஆபரேஷன் செய்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல் அதிகம். 116 நாடுகளில் 1,40,231 பேரைப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால் 30 நாளில் இறப்பு சுமார் 4 சதவீதம். ஏழு வாரம் கழித்துச் செய்தால் 1.5, தொற்றே வராதவர்கள் அளவு. தடுப்பூசி பரவலாவதற்கு முந்தைய கணக்கு இது, இருந்தாலும் அவசரமில்லாத ஹெர்னியாவைத் தள்ளிப்போட உங்கள் டாக்டருக்கு நல்ல காரணம். புதிதாக வரும் நோய்க்கு வேறு கணக்கு வரலாம். புதன், சனி லேப்ராஸ்கோப் கேஸில் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவை அப்படியே ரூமில் திறந்துவிடாமல் ஃபில்டர் வழியாக உறிஞ்சச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்களைப் போல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றுகிறவர்களைக் கொசு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆற்காட்டில் கடித்துவிட்டு மதியம் குடியாத்தம் வருவோம். வாசலிலேயே நிறுத்தி, போட்டு வந்த மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு உங்கள் மாஸ்க், உங்கள் உடை கொடுங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும். அன்று யாருக்குக் காய்ச்சல் என்றாலும் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: தியேட்டர் இன்சார்ஜ், குடியாத்தம்

அக்கா, டீ ரூமைக் கண்ணால் பார்த்த மாதிரிச் சொல்லிவிட்டீர்கள். பீரோ மட்டும் இல்லை, ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம், ஏசி காற்று போகிறது என்று.

மெக்கானிக் அண்ணா, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சந்தில் திறக்கிறது. அங்கேதான் பேஷண்டோட அட்டெண்டர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதுவரை யாருமே யோசிக்கவில்லை.

டாக்டர் மேடம், சின்ன அறைக்கு இடம் இருக்கிறது, இப்போது ஸ்ட்ரெச்சர் நிறுத்தும் இடம். பெரிய டாக்டரிடம் காலையில் காட்டினேன். வளைவையும் பெட்டியையும் அவரே பேனாவால் அடித்தார். யூவி டவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். இரண்டு சந்தேகம்: ஆயாக்களுக்கும் குப்பை எடுக்கிறவருக்கும் எந்த அளவு பாதுகாப்பு? தடுப்பூசி போட்டால் இதெல்லாம் தேவைப்படுமா என்று டாக்டரின் மகன் கேட்கிறார்.

பதில்: ஏசி மெக்கானிக், காட்பாடி

சந்தில் விடவே விடாதீர்கள் சிஸ்டர். டக்ட் போட்டு மொட்டை மாடிக்கு மேலே தூக்குங்கள். வெளிக்காற்று எடுக்கிற வாய் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் விட்டதையே திருப்பி இழுப்பீர்கள். ஃபில்டரைக் கழற்றும் பையனுக்கும் என்95 கொடுங்கள், ஏனென்றால் அந்தப் பையன் நான்தான்.

பதில்: ஓய்வு பெற்ற தியேட்டர் சிஸ்டர், சத்துவாச்சாரி

ஆயாவுக்கு உங்களுக்கு என்னவோ அதே மாஸ்க்தான், அதே சாக்கரின் டெஸ்ட்தான். துடைக்கிறவருக்கு மேலே கனமான ரப்பர் கையுறையும் பூட்ஸும். தொற்றுக் கேஸ் குப்பை இரட்டை மஞ்சள் கவரில், மேலே எழுதி ஒட்டி. மெக்கானிக் தம்பி சொன்ன 35 நிமிஷம் முடியும்வரை அவரைத் துடைக்க உள்ளே அனுப்பாதீர்கள். "சீக்கிரம் துடை, அடுத்த கேஸ் வெயிட்டிங்" என்று கத்துகிற சர்ஜன் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒருவர் இருப்பார், அவருக்காகத்தான் அந்த நேரத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

டாக்டர் மகனுக்கு: 2021இல் சிஎம்சி தன் ஊழியர்களையே வைத்துக் கணக்குப் பார்த்தது, சுமார் 10,600 பேர். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்று வருவதை 65 சதவீதம் தடுத்தது, ஆஸ்பத்திரியில் சேர்வதை 77, ஐசியூவை 94. ஆள் பிழைக்கத் தடுப்பூசி, சரி. ஆனால் 65 என்றால் மீதி இருக்கிறது. அந்த மீதி ஆட்கள் லேசான தொண்டைவலியோடு டூட்டிக்கு வருவார்கள். அவர்கள் சம்பளம் பிடிக்கப்படாமல் வீட்டில் இருக்க டாக்டர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். யூவி டவரைவிட அது மலிவு. புது நோய் என்றால் முதல் வருஷம் தடுப்பூசியே இருக்காது. ஹெபடைடிஸ் பி ஊசி எல்லாருக்கும் முடிந்ததா என்று இப்போதே ரிஜிஸ்டரைப் பாருங்கள், அதற்குத் தொற்றுக்காலம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

டீ ரூம் ஜன்னலை மேற்குப் பக்கம் வைக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். மே மாத வெயிலுக்கு அட்டை மறுபடி வந்துவிடும்.